நேட்டால் கவச ரயில்: வரலாறும் அளவு மாதிரி செய்முறையும்

கவச ரயில் என்பது, எதிரியின் துப்பாக்கிக் குண்டுகளிலிருந்து காத்துக்கொள்வதற்காக இரும்புத் தகடு போர்த்தப்பட்டு, படைவீரர்களையும் பீரங்கியையும் ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடிய போர் வண்டியாகும். 19ஆம் நூற்றாண்டின் இடையில் தோன்றி, இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை பல நாடுகளில் இது பயன்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1899 நவம்பர் 15 அன்று தாக்குதலுக்குள்ளாகிக் கவிழ்ந்த எஸ்ட்கோர்ட் கவச ரயில், இவ்வகை வண்டிகளுள் உலகப் புகழ் பெற்றதாகும். அதன் அமைப்பையும், அது ஏன் தோற்றது என்பதையும், அதை அட்டையைக் கொண்டு அளவு மாதிரியாகச் செய்யும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

அளவு மாதிரி என்றால் என்ன?

ஒரு பொருளின் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது அளவு மாதிரி எனப்படும். கடையில் விற்கும் பொம்மை ரயிலில் சக்கரம் பெரிதாகவும் பெட்டி குட்டையாகவும் இருக்கலாம். யாரும் குறை சொல்வதில்லை. அளவு மாதிரியிலோ சக்கரம், சுவர், மனிதன், துப்பாக்கி ஆகிய அனைத்தும் ஒரே எண்ணால் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் அதைப் பார்த்து உண்மைப் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்கவும் விடை பெறவும் முடிகின்றது. சுவர் எவ்வளவு உயரம், அதற்குள் நிற்பவரால் வெளியே பார்க்க முடியுமா, குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் ஆபத்து என்பன போன்ற கேள்விகளுக்கு நல்ல மாதிரி விடையளிக்கும்.

கவச ரயிலின் தோற்றம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டில், ரயில் பாலங்களைக் காவல் காப்பதற்காக ஃபிலடெல்ஃபியாவில் இரும்புத் தகடு வேய்ந்த ஒரு வண்டி கட்டப்பட்டது. அது தொடக்கக் கால எடுத்துக்காட்டாகும். 1882இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் ஒரு கவச ரயிலை அமைத்துப் பயன்படுத்தினார். கப்பலை இரும்பால் மூடிப் பழகிய கடற்படையினர் அதே எண்ணத்தை ரயிலுக்கும் கொண்டு வந்தனர்.

1899 அக்டோபர் 11 அன்று பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர் மக்களின் குடியரசுகளுக்கும் இடையே போர் தொடங்கியது. மறுநாளே, மாஃபெக்கிங் நகரை நோக்கிச் சென்ற ஒரு கவச ரயில் கிராய்பான் என்னுமிடத்தில் போயர்களிடம் சிக்கியது. போரின் முதல் மோதலே கவச ரயிலின் மீதான தாக்குதல்தான். ஒரு மாதம் கழித்து நேட்டாலில் அதே பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது.

நேட்டாலும் தமிழரும்

தமிழ் வாசகருக்கு நேட்டால் அயலான ஊர் அன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்ற கப்பல், 342 இந்தியருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு போன்ற மாவட்டங்களோடு, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென் ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் குடும்பங்கள் சென்றன.

பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பகுதியினர் நேட்டால் அரசு ரயில்வேயில் பாதை அமைக்கும் வேலைக்கும், அதைப் பராமரிக்கும் வேலைக்கும் அமர்த்தப்பட்டனர். இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை மிகுதியாக வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுள் அந்த ரயில்வேயும் ஒன்று. ஆகவே அப்பாதையின் தண்டவாளங்களிலும் ஜல்லியிலும் தமிழரின் உழைப்பும் கலந்துள்ளது.

கவச ரயில் கவிழ்ந்த இடத்தை ஒட்டியே இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, 1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோ போர் நடந்தது. காந்தியடிகள் திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை அப்போரில் பணிபுரிந்தது. சுமார் 1,100 பேர் கொண்ட அப்படையில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கொலென்சோவில் காயமடைந்தவர்களைத் தூக்குப்படுக்கையில் வைத்து அவர்கள் கால்நடையாகக் கொண்டு சென்று சேர்த்த இடம் சீவ்லி முகாம். கவச ரயில் கடைசியாகச் சென்று திரும்பியதும் அதே சீவ்லி நிலையத்திலிருந்துதான்.

ரயிலின் அமைப்பு

1899 நவம்பர் தொடக்கத்தில் லேடிஸ்மித் நகரைப் போயர்கள் முற்றுகையிட்டனர். அதற்குத் தெற்கே எஸ்ட்கோர்ட்டில் ஒரு சிறிய பிரிட்டிஷ் படை தங்கியிருந்தது. எதிரி எங்கே இருக்கின்றான் என்று பார்த்து வருவதற்காக அங்கிருந்து கவச ரயில் அனுப்பப்பட்டு வந்தது. நவம்பர் 15 காலையில் அதற்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் ஹால்டேன். ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழின் செய்தியாளராக 24 வயது வின்ஸ்டன் சர்ச்சிலும் உடன் சென்றார்.

புறப்படும்போது ரயிலின் வரிசை முன்னிருந்து பின்னாகப் பின்வருமாறு இருந்தது.

1. பீரங்கி வேகன்: குழல் வாய் வழியாகக் குண்டு திணிக்கும் பழைய வகை 7 பவுண்டு பீரங்கி. இதை இயக்கியவர்கள் ‘டார்ட்டர்’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள்.
2. கவச வேகன்: டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைவீரர்கள்.
3. என்ஜின்: தகடு போர்த்தியது.
4. கவச வேகன்.
5. கவச வேகன்: இவ்விரண்டிலும் டர்பன் இலகு காலாட்படையினரும் எஞ்சிய டப்ளின் வீரர்களும்.
6. கருவி வேகன்: பாதை சேதமடைந்தால் சரிசெய்வதற்கான கருவிகளும் பொருட்களும் ஏற்றிய சாதாரண வேகன்.

என்ஜின் நடுவில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் வேகன்கள் இருப்பதால், பாதையில் வெடியோ தடையோ இருந்தால் முதலில் வேகன் மாட்டும், என்ஜின் தப்பும். இரு திசையிலும் திருப்பாமலே ஓடவும் முடியும்.

கவச வேகன் என்பது மேற்கூரை இல்லாத நீண்ட இரும்புப் பெட்டி. பக்கச் சுவர்களில் துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்குச் சுடுதுளைகள் வெட்டப்பட்டிருந்தன. ஏறவும் இறங்கவும் உயரமான அச்சுவரைத் தாண்டியாக வேண்டும்.

கவிழ்ந்த நாள்

காலை 5.30 மணிக்கு எஸ்ட்கோர்ட்டிலிருந்து புறப்பட்ட ரயில், ஃப்ரியர் நிலையத்தைக் கடந்து, 7 மணிக்குச் சற்றுப் பின் சீவ்லியை அடைந்தது. அங்கே போயர் குதிரைவீரர்கள் தென்பட்டதால் திரும்பியது. திரும்பும்போது வரிசை தலைகீழானது. கடைசியில் இருந்த கருவி வேகன் இப்போது முதலில் வந்தது. பீரங்கி கடைசிக்குப் போனது.

வழியில் ஒரு குன்றிலிருந்து போயர்கள் பீரங்கியாலும் துப்பாக்கியாலும் சுட்டனர். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார். ரயில் சரிவில் விரைந்து இறங்கியது. சரிவின் அடியில் தண்டவாளத்தின் மீது போயர்கள் கல்லை வைத்திருந்தனர். கருவி வேகன் தூக்கி எறியப்பட்டுத் தலைகீழாக விழுந்தது. அடுத்த கவச வேகன் சிறிது தூரம் இழுபட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது. மூன்றாவது, பாதி தண்டவாளத்திலும் பாதி வெளியிலுமாகக் குறுக்கே மாட்டிக்கொண்டது. என்ஜினும் அதற்குப் பின்னிருந்த இரு வேகன்களும் மட்டும் தண்டவாளத்தில் நின்றன. பீரங்கி சில முறை சுட்டதுமே எதிரியின் குண்டு பட்டுச் செயலிழந்தது.

அடுத்த ஒரு மணி நேரத்திற்கும் மேலாக, குண்டு மழைக்கு நடுவே, குறுக்கே கிடந்த வேகனை என்ஜினால் முட்டி முட்டி விலக்கினர். செய்தியாளரான சர்ச்சில் அவ்வேலையை முன்னின்று நடத்தினார். தலையில் காயம்பட்ட ஓட்டுநர் சார்லஸ் வாக்னர் என்ஜினை விட்டுப் போகாமல் இயக்கினார். வழி கிடைத்தபோது பின் வேகன்களின் இணைப்பு அறுந்துபோயிருந்தது. காயமடைந்தவர்களை ஏற்றிக்கொண்டு என்ஜின் மட்டும் தப்பியது. ஹால்டேன், சர்ச்சில் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். சர்ச்சில் டிசம்பர் 12 அன்று பிரிட்டோரியா சிறைமுகாமிலிருந்து தப்பி உலகப் புகழ் பெற்றார். வாக்னருக்கும் ஃபயர்மேன் அலெக்சாண்டர் ஸ்டீவார்ட்டுக்கும் வீரச்செயலுக்கான ஆல்பர்ட் பதக்கம் கிடைத்தது 1910இல்தான். அப்போது சர்ச்சில் பிரிட்டனின் உள்துறை அமைச்சர்.

மாதிரிக்கு ஏற்ற அளவு விகிதம்

உலகெங்கும் மாதிரி செய்பவர்கள் 1:35, 1:72, 1:87 போன்ற விகிதங்களைப் பின்பற்றுகின்றனர். கடைகளில் அந்த அளவுகளில் மனித உருவங்களும் தண்டவாளமும் கிடைப்பது அதற்குக் காரணம். எல்லாவற்றையும் கையால் செய்யும் மாணவருக்கு 1:50 எளிது. 1 மீட்டர் என்பது 2 சென்டிமீட்டர் ஆகிவிடும். கணக்கு மனத்திலேயே முடியும்.

நேட்டால் ரயில்வேயின் தண்டவாள இடைவெளி 1,067 மில்லிமீட்டர், அதாவது 3 அடி 6 அங்குலம். தமிழ்நாட்டு வாசகர் இதை எளிதில் மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். கடலூர் முதுநகர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறைக்குச் சென்ற பழைய மீட்டர் கேஜ் பாதையின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். நேட்டால் பாதை அதைவிட நான்கு விரற்கடை அளவே அகலம் கூடியது. முதுநகர் வழியில் இப்போதுள்ள அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஆகவே இன்றைய ரயில் பெட்டியை மனத்தில் வைத்து மாதிரி செய்தால் அது தவறாகவே முடியும். பழைய மீட்டர் கேஜ் பெட்டியை நினைவில் வைத்திருக்கும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சரியான உருவம் கிடைக்கும்.

1:50 விகிதத்தில் சில அளவுகள்:

நேட்டால் பாதை, 1,067 மி.மீ. – மாதிரியில் 21.3 மி.மீ.
மீட்டர் கேஜ், 1,000 மி.மீ. – மாதிரியில் 20 மி.மீ.
அகலப் பாதை, 1,676 மி.மீ. – மாதிரியில் 33.5 மி.மீ.
1.70 மீட்டர் உயர மனிதன் – மாதிரியில் 34 மி.மீ.
லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கி, 1,257 மி.மீ. – மாதிரியில் 25 மி.மீ.
அரை அங்குல இரும்புத் தகடு, 12.7 மி.மீ. – மாதிரியில் 0.25 மி.மீ.

ஒரு வேகன் 9 மீட்டர், என்ஜின் 10 மீட்டர் எனக் கொண்டால், ஐந்து வேகன்களும் என்ஜினும் சேர்ந்து மாதிரியில் சுமார் 110 சென்டிமீட்டர் வரும். வகுப்பறை பெஞ்சின் மீது வைத்துவிடலாம்.

நிழற்படத்திலிருந்து அளவு எடுத்தல்

வரைபடம் கிடைக்காத வண்டிக்கு நிழற்படமே சான்று. எஸ்ட்கோர்ட் ரயிலின் படங்கள் அக்காலத்திலேயே எடுக்கப்பட்டுள்ளன. படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. தண்டவாள இடைவெளி, துப்பாக்கியின் நீளம், வண்டியை ஒட்டி நிற்கும் மனிதனின் உயரம் ஆகியவை பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: படத்தில் வேகனை ஒட்டி நிற்கும் வீரர் 12 மி.மீ. உயரமும், தண்டவாளத்திலிருந்து வேகனின் மேல் விளிம்பு வரை 18 மி.மீ. உயரமும் இருப்பதாகக் கொள்வோம். 18-ஐ 12-ஆல் வகுத்தால் 1.5. வீரரின் உயரம் 1.70 மீட்டர் என்றால், வேகனின் உயரம் 1.5 × 1.70 = 2.55 மீட்டர். 1:50 விகிதத்தில் இது 51 மி.மீ.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, அளவு தெரிந்த பொருளும் அளக்கப்படும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்பவர் பெரிதாகத் தெரிவார். அவரை வைத்துக் கணக்கிட்டால் வேகன் சிறுத்துவிடும். இரண்டாவது, வீரர் அணிந்திருக்கும் தொப்பியைச் சேர்த்து அளக்கக் கூடாது. மூன்றாவது, நேர்ப் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் மட்டுமே நீளத்தை நம்பலாம். சாய்வாக எடுத்த படத்தில் நீளம் குறைந்து தெரியும். இரண்டு மூன்று பொருட்களைக் கொண்டு தனித்தனியே கணக்கிட்டு, விடைகள் நெருங்கி வருகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

தேவையான பொருட்கள்

விசிட்டிங் கார்டு தடிமனுள்ள அட்டை, தடித்த மில் அட்டை, ஐஸ்கிரீம் குச்சி, பல் குத்தும் குச்சி, 25 மி.மீ. விட்டமுள்ள மின்கம்பிக் குழாய் ஒரு துண்டு, மெல்லிய சணல் நூல், கட்டர் கத்தி, இரும்பு அடிக்கோல், மரப்பசை, உப்புத்தாள், அக்ரிலிக் வண்ணம், சலித்த செம்மண், பொடி ஜல்லி, அடித்தளத்திற்கு 120 × 25 செ.மீ. பலகை. கத்தியைப் பயன்படுத்தும்போது சிறுவர்கள் பெரியவர் துணையுடன் செய்ய வேண்டும். விரல் எப்போதும் கத்தி செல்லும் திசைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

செய்முறை

பாதை: முதலில் பாதையை அமைக்க வேண்டும். வண்டியை முடித்துவிட்டுப் பாதையை அதற்கேற்ப இடுவது பலரும் செய்யும் தவறு. ஐஸ்கிரீம் குச்சிகளைத் தண்டவாள இடைவெளியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளத்திற்கு, அதாவது 43 மி.மீ. அளவுக்கு வெட்டி ஸ்லீப்பர் கட்டைகளாக ஒட்டலாம். தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 21.3 மி.மீ. இருக்கும்படி ஓர் அட்டைத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, அதையே அளவுகோலாக நகர்த்தி நகர்த்தி ஒட்டினால் இடைவெளி மாறாது. பலகையின் ஒரு முனையை 1 மீட்டருக்கு 2 செ.மீ. உயர்த்தினால் சரிவு கிடைக்கும். அதன் அடியில்தான் கல் வைக்கப்பட வேண்டும்.

கவச வேகன்: மெல்லிய அட்டையில் இரு நீண்ட பக்கங்களையும் இரு குறுகிய பக்கங்களையும் வெட்ட வேண்டும். சுடுதுளைகளைச் சுவரை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். பெட்டியான பிறகு கத்தி நுழையாது. தகடுகளை இணைத்த ஆணித்தலைகளைக் காட்டுவதற்கு, அட்டையின் பின்புறத்தில் மையில்லாத பழைய பேனா முனையால் சம இடைவெளியில் அழுத்தினால், முன்புறம் சிறு புள்ளிகள் எழும்பும். மேற்கூரை இல்லாததால் சுவரின் விளிம்பு எல்லாருடைய கண்ணிலும் படும். தடித்த அட்டையில் செய்தால், அந்த வேகன் கோட்டைச் சுவர் போலத் தோன்றி, உண்மையைவிட வலிமையானது என்ற பொய்யைச் சொல்லிவிடும். எனவே சுவர் மெல்லிய அட்டையாகவே இருக்கட்டும். வளையாமலிருக்க, தரையையும் அடிச்சட்டத்தையும் மில் அட்டையில் செய்து, சுவரின் உட்புறத்தில் பல் குத்தும் குச்சிகளை முட்டுக்கொடுத்து ஒட்டலாம். சக்கரங்களின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தேர்ந்தெடுத்த படத்தில் எண்ணி, அதன்படியே அமைக்க வேண்டும்.

பீரங்கி வேகன்: 7 பவுண்டு பீரங்கியின் குழலைப் பல் குத்தும் குச்சியின் மேல் தாளைச் சுற்றிச் செய்யலாம். வாய்ப்புறம் ஒடுங்கியும் பின்புறம் பருத்தும் இருக்க, தாளை நீண்ட முக்கோணமாக வெட்டி, அகலமான முனையிலிருந்து சுற்ற வேண்டும். இப்பீரங்கி சிறியது, பெரிதாகச் செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

என்ஜின்: கொதிகலனின் விட்டம் சுமார் 1.25 மீட்டர் எனக் கொண்டால், 25 மி.மீ. குழாய் அதற்குச் சரியாக இருக்கும். புகைபோக்கிக்குப் பேனாக் குழல் போதும். ஓட்டுநர் அறையையும் பக்கங்களையும் கவசத் தகடு மறைப்பதால், நுணுக்கமான உறுப்புகள் பல வெளியே தெரியா. புதிதாகத் தொடங்குபவருக்கு இது வசதி.

கருவி வேகன்: அழகில்லாதது என்று பலரும் இதை விட்டுவிடுகின்றனர். விடக் கூடாது. கல்லில் முதலில் மோதியது இதுதான். கடப்பாரை, மண்வெட்டி, தண்டவாளத் துண்டு, ஸ்லீப்பர் கட்டை ஆகியவற்றை இதில் அடுக்க வேண்டும். போர் வண்டியே ஆனாலும், பாதையைச் செப்பனிடும் தொழிலாளர் இல்லாமல் அது ஓர் அடி நகராது என்பதற்கு இந்த வேகனே சான்று.

வண்ணம்: கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது. அக்காலக் கேமராத் தகடுகள் சிவப்பு ஒளியை உணர்வதில்லை. சிவப்பும் பழுப்பும் படத்தில் கருமையாகத் தெரியும். நீலம் வெளுத்துத் தெரியும். எனவே படத்தில் கருமையாக உள்ள தகடு உண்மையில் கறுப்பாக இருந்திருக்க வேண்டியதில்லை. கருஞ்சாம்பல் நிறத்தைப் பூசி, விளிம்புகளில் துருவின் சாயலைத் தொட்டுவைத்து, அது மாதிரி செய்தவரின் ஊகம் என்று குறிப்பிட்டுவிடுவதே நேர்மை.

மனித உருவங்கள்: சில உருவங்களையாவது வேகனுக்குள் நிறுத்த வேண்டும். 34 மி.மீ. உயர மனிதன் உள்ளே நிற்கும்போதுதான் சுவரின் உயரமும் சுடுதுளையின் பயனும் விளங்கும். களிமண்ணிலோ மெழுகிலோ எளிய உருவமாகச் செய்தாலும் போதும். உயரம் மட்டும் பிசகக் கூடாது.

கயிறு போர்த்திய என்ஜின்

கவசம் என்றால் இரும்பு மட்டுமே என்று எண்ண வேண்டியதில்லை. இதே போரில் நேட்டால் ரயில்வேயின் ஓர் என்ஜினுக்குத் தடித்த கப்பற்கயிறுகளை நெருக்கமாகத் தொங்கவிட்டுப் போர்த்தினர். உடல் முழுதும் சடை தொங்கியதுபோல் காட்சியளித்த அந்த என்ஜினுக்கு வீரர்கள் ‘ஹேரி மேரி’ என்று பெயரிட்டனர்; ‘சடைமேரி’ என்று தமிழில் சொல்லலாம். கயிற்றுத் திரை துப்பாக்கிக் குண்டின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது கடற்படையினர் அறிந்த பழைய உத்தி. முதுநகர் துறைமுகத்தில் படகுகளின் கயிற்றுச் சுருள்களைக் கையால் தூக்கிப் பார்த்தவருக்கு, அதன் கனமும் அடர்த்தியும் எப்படிப்பட்டவை என்பது தெரியும்.

முதல் முறை மாதிரி செய்பவருக்கு இந்த என்ஜின் மிக ஏற்றது. கப்பற்கயிற்றைச் சுற்றளவால் அளப்பது வழக்கம். 6 அங்குலக் கயிறு என்றால் விட்டம் ஏறத்தாழ 48 மி.மீ.; 1:50 விகிதத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. மெல்லிய சணல் நூல் இதற்குப் பொருந்தும். நூலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைப் பசை தொட்ட விரலால் உருவிவிட வேண்டும்; இல்லையென்றால் மாதிரியில் அவை விரல் தடிமனுள்ள பிசிறுகளாகத் தோன்றும். கொதிகலனின் உச்சியிலிருந்து தொடங்கி இருபுறமும் வரிசை வரிசையாக ஒட்டி, அடியை ஒரே மட்டத்தில் கத்தரிக்கலாம்.

பொதுவாக நேரும் பிழைகள்

எஸ்ட்கோர்ட் ரயிலின் மாதிரிகளில் பெரும்பாலும் நேரக்கூடிய பிழை வரிசையைப் பற்றியது. கவிழ்ந்த காட்சியைக் காட்டும்போதும் பீரங்கியை முன்னால் வைத்துவிடுவார்கள். ரயில் திரும்பி வரும்போதுதான் கவிழ்ந்தது. எனவே எஸ்ட்கோர்ட் திசையில் கருவி வேகனும், சீவ்லி திசையில் பீரங்கியும் இருக்க வேண்டும். மேற்கூரை அமைத்துவிடுவது இரண்டாவது பிழை. பிற்காலக் கவச ரயில்களின் மூடிய, சுழலும் பீரங்கிக் கூண்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதைச் செய்கின்றனர். அகலப் பாதையின் அளவைக் கொள்வது மூன்றாவது.

விளக்க அட்டை

மாதிரியின் அருகே வைக்கும் விளக்க அட்டையில் மூன்று பகுதிகள் இருப்பது நன்று. உறுதியாகத் தெரிந்தவை: பாதையின் இடைவெளி, வண்டிகளின் வரிசை, நாள், இடம். கணக்கிட்டுப் பெற்றவை: படத்திலிருந்து எடுத்த நீளமும் உயரமும். ஊகித்தவை: நிறம், சரிவின் அளவு, கல்லின் வடிவம். இப்படிப் பிரித்து எழுதிய மாணவர், வரலாற்றில் சான்றுக்கும் கற்பனைக்கும் உள்ள எல்லைக்கோட்டைக் கற்றுக்கொள்கின்றார். பார்ப்பவரும் எதை நம்பலாம் என்பதை அறிகின்றார்.

மாதிரி உணர்த்துவது

முடித்த மாதிரியைச் சற்று மேலிருந்து பார்த்தால் அந்த ரயிலின் குறை கண்ணுக்குத் தெரியும். பக்கத்திலிருந்து வரும் துப்பாக்கிக் குண்டைச் சுவர் தடுக்கும். மேலே வெடித்துச் சிதறும் பீரங்கிக் குண்டுக்குத் தடையே இல்லை. உள்ளே இருப்பவர் இறங்கி ஓடவும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிக்குத்தான் கவசம். பாதைக்குக் கவசம் இல்லை. பல டன் எடையுள்ள இரும்பு ரயிலைக் கவிழ்க்கக் கல்லே போதுமானதாக இருந்தது. மாதிரியில் தண்டவாளத்தின் மீது வைக்கும் அந்தச் சிறு கூழாங்கல்லை ஒரு குழந்தையும் இரு விரலால் எடுத்துவிடும். அன்று அதை முன்னதாகவே பார்த்து எடுத்து வைக்க, ரயிலுக்கு முன்னால் சென்றிருக்க வேண்டிய குதிரைப்படை உடன் அனுப்பப்படவில்லை.

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷார் பின்னர் கற்றுக்கொண்டனர். கவச ரயிலைத் தனியே உளவுக்கு அனுப்புவது தவிர்க்கப்பட்டது. பாதையோரம் காவற்கூண்டுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. பெரிய பீரங்கியும் தேடு விளக்கும் பொருத்திய ரயில்கள், காவற்கூண்டுகளோடும் குதிரைப்படையோடும் இணைந்து இயங்கின. போர் முடியும் தறுவாயில் இத்தகைய ரயில்கள் ஏறத்தாழ 20 ஓடிக்கொண்டிருந்தன.

இந்த ரயிலைப் பற்றிய நூல்களில் சர்ச்சிலின் பெயரே பெரிதாக இடம்பெறுகின்றது. ஆனால் மாதிரியில் எல்லா உருவங்களும் 34 மி.மீ. உயரமே. ஓட்டுநர், ஃபயர்மேன், மாலுமி, கேங்மேன் ஆகிய அனைவரும் அதே அளவில் நிற்கின்றனர். அவர்களின் காலடியில் உள்ள பாதையைப் பராமரித்த வேலையில் ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து சென்றவர்களுக்கும் பங்குண்டு. மாணவர்கள் தம் மாதிரியின் விளக்க அட்டையில் அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குவது பொருத்தமாகும்.